கல்லடியில் வாடகை வீடு தேடுவோர் கவனத்திற்கு

கடந்த ஆவணி மாதம் கல்முனையிலிருந்து மட்டக்களப்பு நகருக்கு எனக்கு இடமாற்றம் கிடைத்தது. மனைவிக்கு அப்போது ஐந்து மாதம் என்பதால், ஐப்பசி மழை பிடிக்கும் முன்னர் 20,000 ரூபாய்க்குள் ஒரு சிறிய வீடு எடுத்துவிட வேண்டும் என்று நின்றேன். புளியந்தீவிலும் அரசடியிலும் அந்தத் தொகைக்கு ஓர் அறைதான் கிடைக்கும் என்றார்கள். கல்லடியிலோ, போதனா வைத்தியசாலைத் தாதியரும் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவக மாணவரும் வீடு தேடிக்கொண்டே இருப்பதால், ஒரு வீடு காலியாகிறது என்று நமக்குத் தெரியவரும்போதே வேறொருவர் அட்வான்ஸ் கொடுத்து முடித்திருப்பார். என்னுடைய இந்த அவசரத்தைத் தரகர் முதல் தொலைபேசி அழைப்பிலேயே பிடித்துக்கொண்டார்.

அவர் காட்டியது இரண்டு அறைகளும் கிணறும் உள்ள ஓட்டு வீடு. மாத வாடகை 18,000 ரூபாய். ஆறு மாத முற்பணமாக 108,000 ரூபாய். தரகருக்கு ஒரு மாத வாடகை. சாவியுடன் வந்து கதவைத் திறந்தவர் தம்மை வீட்டுக்காரர் என்றே அறிமுகப்படுத்தினார். வீட்டின் உரிமைப் பத்திரமான உறுதியைக் காட்டுமாறு கேட்டேன். "உறுதி பேங்கில கிடக்குது தம்பி" என்றார். மின்கட்டணப் பட்டியலையாவது காட்டுங்கள் என்றதற்கு, நான்காக மடித்த தாளொன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, நிலுவை இல்லை என்ற இடத்தை மட்டும் விரலால் தொட்டுக் காட்டிவிட்டு மீண்டும் பையில் வைத்துக்கொண்டார். பெயர் இருந்த பகுதி அவருடைய பெருவிரலுக்குக் கீழே இருந்தது என்பது எனக்கு மிகவும் பிந்தியே உறைத்தது. கொப்பித் தாளில் நாலு வரி எழுதி, முத்திரை ஒட்டி, அதன் மேல் கையெழுத்திட்டுத் தந்தார். அதையும் பத்திரமாகக் கோப்பில் வைத்தேன்.

கார்த்திகை இரண்டாம் வாரம், நல்ல மழை நாளில், வயதான அம்மா ஒருவர் முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார். "இது என்ட வீடு மனே, நீங்க ஆரு?" என்பதுதான் அவருடைய முதற் கேள்வி. திருகோணமலையில் மகளுடன் இருக்கும் அவர் வீட்டை ஒரு வருடத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அப்படிக் குடியிருந்தவரே, தவணை முடியும் தறுவாயில், என்னிடம் முற்பணம் வாங்கிக்கொண்டு வெளியேறியிருக்கிறார். அம்மாவுக்கும் மூன்று மாத வாடகை போயிருந்தது. அவர் கைப்பையிலிருந்து எடுத்த பழைய மின்கட்டணப் பட்டியலில் காலஞ்சென்ற அவருடைய கணவரின் பெயர் இருந்தது. தை பிறக்கும் வரை எங்களை இருக்க விட்டது அவருடைய பெருந்தன்மை.

பொலிஸில் முறைப்பாடு செய்தேன். உறுதி எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் கொப்பித் தாளைக் காட்டியபோது, 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும் என்றும், என் கையிலிருப்பது பணம் கொடுத்ததற்கான துண்டு மட்டுமே என்றும் விளக்கினார். உறுதி வங்கியில் இருந்தாலும் அதன் பிரதியைக் கேட்டு வாங்கலாம், காணிப் பதிவகத்தில் கட்டணம் செலுத்திப் பதிவைத் தேடிப் பார்க்கலாம் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். உறுதியிலும் மின்கட்டணப் பட்டியலிலும் உள்ள பெயரை, எதிரே நிற்பவரின் அடையாள அட்டையுடன் ஒப்பிட ஐந்து நிமிடம் போதும்; பெயர் வேறாக இருந்தால் காரணம் கேளுங்கள், அதுவரை ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். அயலிலும் விசாரியுங்கள். முதல் நாள் நான் தேங்காய் வாங்கிய எதிர்க்கடைக்காரருக்கே சாவியுடன் வந்தவர் வாடகைக்கு இருப்பவர் என்பது தெரிந்திருந்தது. நான் கேட்கவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை.

தான் வீட்டைக் காட்டியதோடு தன் வேலை முடிந்தது என்கிறார் தரகர். வீட்டுக்காரர் என்று சொல்லி முற்பணம் வாங்கியவர் இரண்டு தடவையாக 30,000 ரூபாய் திருப்பித் தந்தார். மிகுதி 78,000 ரூபாய்க்கு அவர் சொன்ன தவணை சென்ற வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிட்டது. தொலைபேசி மணி அடிக்கிறது, எடுப்பதில்லை.