மண்வெட்டிக் காயம், வெள்ளைக் கிறீம், மரமஞ்சள்: அப்பாவின் காலில் ஒரு வருடம்

போன வருட மாரி விதைப்பு நேரம். மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் வட்டைக்குள் (வயலுக்குள்) வரம்பு கட்டும்போது அப்பாவின் வலது கணுக்காலுக்கு மேலே மண்வெட்டி பட்டுவிட்டது. பெருவிரல் நீளக் காயம்தான். ஆனால் அப்பாவுக்கு 12 வருடமாகச் சீனி வருத்தம் (நீரிழிவு). அது ஆறி முடிய நான்கு மாதம் சென்றது. அதற்குப் பிறகு வந்த சின்னச் சின்னக் காயங்களுக்கும் அதே முறையைத்தான் பிடித்தோம். வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் நாள் நாங்கள் செய்தது பிழை. அம்மா வேலியோரத்து வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிச் சாறு பிழிந்துவிட்டார். இரத்தம் நின்றது. அந்தச் சாற்றுக்கு மேலேயே நான் பாமசியில் வாங்கிய சில்வர் சல்ஃபடயசின் என்ற கிருமிகொல்லி வெள்ளைக் கிறீமைப் பூசிக் கட்டினேன். இரண்டும் சேர்ந்தால் கெதியாக ஆறும் என்று நம்பினேன். ஐந்தாம் நாள் சுற்றிவரச் சிவந்து, சூடாகி, சீழ் மணத்தது. இலையில் மண் இருந்திருக்கிறது. ஏற்புக் (டெட்டனஸ்) கிருமி மண்ணில் இருக்கும். ஆஸ்பத்திரியில் காயத்தைச் சுத்தமாக்கி, ஏற்பு ஊசி போட்டு, குடிக்க அன்டிபயோட்டிக்கும் தந்தார்கள். பச்சை இலையைத் திறந்த காயத்தில் வைப்பதை அன்றோடு விட்டோம்.

மருந்து கட்டிய மிஸ்ஸி (தாதி) சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “தம்பி, கிருமியைக் கொல்லுறது ஒரு வேலை, தோலை வளர்க்கிறது இன்னொரு வேலை. ரெண்டையும் ஒரே நாளில கேட்காதீங்க.”

அதன்படி முதல் மூன்று கிழமை சலைனால் கழுவி, அவர்கள் சொன்னபடி அந்த 1% வெள்ளைக் கிறீம் மட்டும். இந்தக் கிறீம் காயத்தின் மேல் மஞ்சளாக ஒரு படை கட்டும். அதைச் சீழ் என்று நினைத்து நான் ஒரு இரவு முழுக்கத் தூங்கவில்லை. அது கிறீமின் படைதான், கழுவினால் வந்துவிடும். சல்ஃபா வகை மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைத் தொடவே கூடாது. சீழ் நின்று, அடியில் சிவந்த சதை ஏறியதும் டாக்டர் கிறீமை நிறுத்தினார். இதையே நீளத்துக்குப் பூசினால் புதுத்தோல் வளர்வது தாமதிக்கும்.

பிறகுதான் மூலிகை. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, ஊர்ப் பரியாரியார் (நாட்டு வைத்தியர்) சொன்னபடி மரமஞ்சளை நன்றாகக் கொதிக்கவைத்து, வடித்து, ஆறவைத்துக் கழுவினோம். மரமஞ்சளுக்கு மஞ்சள் நிறம் தருவது பெர்பெரின், கிருமியைத் தடுக்கும் ஒரு பொருள். ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற கிருமியிடம் தனக்குள் வரும் மருந்தை வெளியே தள்ளும் ஒரு பம்ப் இருக்கிறது, பெயர் நோர்-ஏ. பெர்பெரினையும் அது தள்ளும், நோர்ஃப்ளொக்சசின் என்ற செயற்கை மருந்தையும் தள்ளும். பெர்பெரின் உள்ள பெர்பெரிஸ் செடிகளிலேயே அந்தப் பம்பை அடைக்கிற இன்னொரு பொருளும் இருப்பதை 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்டெர்மிட்ஸ், லூயிஸ் குழுவினர் காட்டினார்கள். பம்ப் அடைபட்டால் மருந்து கிருமிக்குள்ளேயே தங்கி வேலை செய்யும். செடியையும் செயற்கை மருந்தையும் சேர்த்துப் பார்க்கலாம் என்ற எண்ணத்துக்கு எனக்குப் பிடித்த ஆதாரம் இதுதான். ஆனால் அது ஆய்வுகூடத்தில் கண்டது. எங்கள் வீட்டுச் சட்டிக் கசாயத்துக்கு அந்தப் பெருமையை நான் கொடுக்க மாட்டேன். மணம் குறைந்தது, நீர் கசிவது குறைந்தது, அவ்வளவுதான் நான் கண்டது. ஒரு குறையும் உண்டு: தோல் மஞ்சளாகிவிடுவதால் சுற்றிவரச் சிவந்தாலும் கண்ணுக்குப் படாது. கிளினிக் போகும் நாளில் அதால் கழுவுவதில்லை.

காயம் மூடி வரும்போது வல்லாரைக் களிம்பு, ஓரங்களில் மட்டும். வல்லாரையிலுள்ள ஏசியாட்டிகோசைட் என்ற பொருள், தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் புரதம் உண்டாக உதவும். இதில்தான் எனக்கு முழுத் திருப்தி. தழும்பு மெல்லிசாக, இழுக்காமல் வந்தது. கற்றாழையை இரண்டு நாளில் விட்டோம். தோலுக்குக் கீழே வடியும் மஞ்சள் பாலைச் சரியாகக் கழுவாததால் அப்பாவுக்கு அரித்தது.

ஒவ்வொரு ஞாயிறும் சுத்தமான பொலித்தீன் துண்டைக் காயத்தின் மேல் பிடித்துப் பேனாவால் ஓரத்தை வரைந்து வைத்தேன். இரண்டாம் மாதம் முழுக்க அந்தக் கோடு அசையவில்லை. அப்போது வெறும் வயிற்றில் இரத்தச் சீனி 210 mg/dL. இரவுச் சோற்றைக் குறைத்து, மாத்திரையை நேரத்துக்குக் கொடுத்து 135க்கு வந்த பிறகுதான் கோடு சுருங்கத் தொடங்கியது. காயத்துக்குப் போட்ட மருந்தில் நாங்கள் எதையும் மாற்றவில்லை.

இந்த மாரிக்கும் அப்பா வட்டைக்குப் போகிறார், முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு. இரவில் வந்ததும் இரண்டு காலையும் விளக்கடியில் நீட்டச் சொல்லி, விரல் இடுக்கு வரை அம்மா பார்க்கிறார்.