'ஆன்' என்றால் 'மேல்'தானா? ஜப்பானியர்கள் பிரிபொசிஷன் கற்கும் மூன்று வழிகள்

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் இன், ஆன், அட் போன்ற பிரிபொசிஷன்கள் ஜப்பானிய மொழியில் கிடையாது. நம் வேற்றுமை உருபுகளைப் போல, பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வந்து ஒட்டும் 'நி', 'தே', 'தோ', 'கரா', 'மதே' போன்ற சின்னச் சொற்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. ஆங்கிலம் படிக்கும் ஜப்பானியர்கள் இவற்றைக் கற்பதற்கு மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. தாய்மொழிச் சொல்லோடு ஜோடி சேர்த்து மனப்பாடம் செய்வது ஒன்று. ஒவ்வொரு பிரிபொசிஷனுக்கும் ஒரு மையப் படத்தை மனதில் பதித்துக்கொள்வது இன்னொன்று. மூன்றாவது, வினையோடு சேர்த்து முழுத் தொடராகவே பழகுவது. இதில் ஏதோ ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஜோடி முறை எங்கே உதைக்கிறது என்று பார்க்க 'தே' ஒன்றே போதும். பள்ளியில் படிக்கிறேன், பஸ்ஸில் போகிறேன், பேனாவால் எழுதுகிறேன், ஆயிரம் யென்னுக்கு வாங்கினேன், ஒரு வாரத்தில் முடித்தேன்: எல்லாவற்றுக்கும் ஜப்பானியத்தில் 'தே'தான். ஆங்கிலத்தில் முறையே அட், பை, வித், ஃபார், இன். ஒன்றுக்கு ஐந்து வந்து நின்றால் எதை ஜோடி சேர்ப்பது?

'ஆன்' விஷயத்தில் சிக்கல் வேறு மாதிரி. பட்டியலில் 'ஆன்' என்றால் 'உயே', அதாவது மேல், என்று போட்டிருக்கும். மேசை மேல் புத்தகம், சரி. ஆனால் மேசைக்கு மேலே தொங்குகிற விளக்குக்கும் ஜப்பானியர் 'உயே' என்றுதான் சொல்வார். அங்கே ஆங்கிலம் 'ஓவர்' அல்லது 'அபவ்' கேட்கிறது. சுவரில் மாட்டிய படத்துக்கும், உட்கூரையில் ஒட்டியிருக்கும் ஈக்கும் 'உயே' வரவே வராது, வெறும் 'நி'தான். ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் 'ஆன்'.

இந்த இடத்தில் மையப் படம் அற்புதமாக வேலை செய்கிறது. கெய்யோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஷிகெனோரி தனாகா முன்வைத்த 'கோர்' (மையம்) கோட்பாடு ஜப்பானில் நன்கு அறியப்பட்டது. அதன்படி 'ஆன்' என்பதன் மையம் உயரம் அல்ல, தொடுதல். புத்தகம் மேசையைத் தொடுகிறது, படம் சுவரைத் தொடுகிறது, ஈ உட்கூரையைத் தொடுகிறது, விளக்கு மேசையைத் தொடவில்லை. நான்கும் ஒரே வீச்சில் தெளிவாகிவிடுகின்றன. இடத்தைக் குறிக்கும் சொற்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஆனால் இரவுக்கு 'அட்', காலைக்கு 'இன்', திங்கட்கிழமைக்கு 'ஆன்' என்று வரும்போது படம் தள்ளாடுகிறது. விடை தெரிந்த பிறகு காரணம் சொல்ல அது உதவும். விடை தெரியாதவருக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்று காட்டாது.

அப்புறம், எல்லோரும் குறை சொல்லும் ஜோடி முறை ஜெயிக்கிற இடமும் உண்டு. 'வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள்' என்பதற்கு 'பை' போட வேண்டிய இடத்தில் ஜப்பானியர் பலர் 'அன்டில்' போடுவார்கள். இதற்குப் படமே தேவையில்லை. 'மதே' என்றால் வரை, 'மதேநி' என்றால் அதற்குள். ஆங்கிலம் கேட்கும் வேறுபாடு அப்படியே அவர்கள் மொழியில் இருக்கிறது. முதலாவது 'அன்டில்', இரண்டாவது 'பை'. தாய்மொழியை வகுப்புக்கு வெளியே நிறுத்தினால் இந்தச் சுலபமான வழி அடைபட்டுப் போகும்.

வினையோடு பிணைந்தவற்றில் இரண்டுமே கைவிடும். 'மேரி' (மணந்துகொள்) என்ற வினைக்குப் பின் 'வித்' சேர்ப்பதும், 'டிஸ்கஸ்' என்பதற்குப் பின் 'அபவுட்' சேர்ப்பதும் ஜப்பானியரிடம் அடிக்கடி காணும் பிழைகள். (இரண்டாவது நம் ஊரிலும் சகஜம்.) திருமணத்துக்கு ஜப்பானியத்தில் 'தோ' வரும், அதாவது 'உடன்'. ஜோடி முறை 'வித்' போடச் சொல்கிறது. 'வித்' என்பதன் படமும் சேர்ந்திருப்பதுதான் என்பதால் அதுவும் தலையாட்டுகிறது. முழுத் தொடராகக் கேட்டுப் பழகியவர் மட்டுமே தப்பிப்பார்.

அந்தப் பழக்கத்துக்கு நேரம் நிறைய வேண்டும், அதுதான் மூன்றாவது வழியின் பெரிய பலவீனம். 2020 முதல் ஜப்பானிய ஆரம்பப் பள்ளிகளில் 5, 6ஆம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் முறையான பாடமாகி, ஆண்டுக்கு 70 பாடவேளைகள் ஒதுக்கப்பட்டுள்ளன. கிழமை, காலை, இரவு பற்றிய தொடர்களை அந்த வயதிலேயே காதால் வாங்கிவிடலாம். தொடுதல் படத்தையும், 'மதே', 'மதேநி' ஒப்பீட்டையும் நடுநிலைப் பள்ளியில் இலக்கணம் தொடங்கும்போது தந்தால் போதும்.