சட்டைப்பை சாம்ப்ளரோடு இரண்டரை வருடம்

"இன்னாண்ணா, அந்தக் குட்டி மெஷின் நல்லாகீதா, வாங்கலாமா?" என்று வியாசர்பாடித் தம்பி ஒருவன் போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டான். டோலக் வாசிக்கிறவன், கானாக் கச்சேரிகளுக்குப் போகிறவன். அன்றைக்கு மதியம்தான் அந்தக் குட்டி மெஷினைப் பழுது பார்த்து வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். "வாங்கு" என்று அடித்தேன், அழித்தேன். "வேணாம்டா" என்று அடித்தேன், அதையும் அழித்தேன். கடைசியில் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதாகிவிட்டது.

எந்தக் கம்பெனி, என்ன மாடல் என்று சொல்லப்போவதில்லை, நடுவில் திட்டப்போகிறேன் என்பதால். சாம்ப்ளர் என்றால் கிடைத்த சத்தத்தைப் பதிந்து, பொத்தானில் வைத்துத் தட்டி வாசிக்கிற மெஷின். இது கால்குலேட்டர் சைஸ், மேலே மூடி கிடையாது, சர்க்யூட் போர்டே உடம்பு, டிவி ரிமோட்டுக்குப் போடுகிற மெல்லிசு பேட்டரி இரண்டு, 16 பொத்தான், தாளத்தை அடுக்க 16 ஸ்டெப் (கட்டம்), மொத்தம் 40 நொடி நினைவகம். இந்த விஷயத்தில் இருக்கிறவர்களுக்கு இந்த ஒரு வரியே போதும், எது என்று தெரிந்துவிடும்.

நான் மெல்லிசைக் குழுவில் ரிதம் பேட் வாசிக்கிறேன், பகலில் எண்ணூர் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை, வீடு ராயபுரம். எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால் பஸ் எப்போது நகரும் என்று டிரைவருக்கே தெரியாது. அந்த நேரத்துக்காகத்தான் இதை வாங்கினேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருப்பேன். பக்கத்து சீட்டுப் பெரியவர் ஒருவர் ரொம்ப நாள் நான் ஏதோ கணக்குப் போடுகிறேன் என்றே நினைத்திருந்தார்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபம் வந்தால் மறந்துவிடும். இதன் மைக். இவ்வளவு மட்டமான மைக்கா என்று முதல் நாள் சிரித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஏரியா கேரம் கிளப்புக்குக் கொண்டுபோனேன். கேரம் இங்கே சும்மா பொழுதுபோக்கு இல்லை, 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் அடித்த காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண், அதனால் கிளப்பில் போய் "கொஞ்சம் சும்மா இருங்கள், சத்தம் எடுக்கணும்" என்றெல்லாம் சொல்ல முடியாது. போர்டுக்கு அடியில் மெஷினைப் பிடித்துக்கொண்டு ரெக்கார்டை அழுத்தினேன். நான்கு நொடி. ஸ்ட்ரைக்கர் காயில் பட்ட சத்தம், காய் சட்டத்தில் மோதித் திரும்பியது, ஒன்று பாக்கெட்டில் விழுந்தது, யாரோ பவுடரைத் தேய்த்தது. டிரம் ஸ்லாட்டில், அதாவது டிரம் சத்தங்களுக்கான இடத்தில், எடுத்தால் இந்த மெஷின் ஒவ்வொரு சத்தமாக அதுவே வெட்டி 16 பொத்தானில் பிரித்துப் போட்டுவிடும். வெட்டிய இடம் சில சமயம் கோணல்மாணலாக இருக்கும், அன்றைக்குச் சரியாக விழுந்திருந்தது.

பாக்கெட்டில் விழுந்த சத்தத்தைக் குமிழைத் திருப்பி சுருதியைக் கீழே இறக்கினேன். பலகைக்கு அடியில் இருக்கும் அந்தக் காலி இடம் மொத்தமும் திறந்துகொண்ட மாதிரி ஒரு கிக் டிரம் வந்தது. 15 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதி இருக்கிற ஒரு ஸ்ட்ரைக்கர் தள்ளிய காயிலிருந்து அவ்வளவு கனமான அடி. சட்டத்தில் மோதியது ஸ்நேர் டிரம், பவுடர் தேய்த்தது ஹை-ஹேட் தாளத்தட்டு. நல்ல மைக்கில் இதையே எடுத்துப் பார்த்திருக்கிறேன், கேரம் போர்டு சத்தம் மாதிரியே இருக்கிறது, அவ்வளவுதான். இதன் மட்டமான மைக்கில்தான் அது தோல் கருவி ஆகிறது.

தம்பி கானாக்காரன் என்பதால் அவனுக்கு முக்கியமானது அடுத்த விஷயம். நம் ஊர் அடி மூன்று மூன்றாகப் போகும், 12 ஸ்டெப்பில் ஒரு சுற்று. மெஷினுக்கு 16தான் தெரியும், குறைக்க நேரடி வழி எனக்குப் பிடிபடவில்லை. முதல் மாதம் முழுக்க இதனோடு மல்லுக்கட்டினேன், டண்டணக்காவை 16க்குள் திணித்தால் கல்யாண பேண்டு செட் மாதிரி ஆகிவிடுகிறது. அப்புறம் ஒருநாள் திருவொற்றியூர் தேரடி தாண்டி பஸ் நின்றுகொண்டிருந்தபோது மண்டையில் உறைத்தது: மூன்று பதினாறு 48, நான்கு பன்னிரண்டும் 48. மூன்று பேட்டர்னை, அதாவது 16 ஸ்டெப் தாளம் மூன்றை, சங்கிலியாகக் கோத்துவிட்டால் உள்ளே நான்கு சுற்று சரியாக உட்கார்ந்துவிடும். சுற்றின் முதல் அடி, முதல் பேட்டர்னில் 1ஆம் ஸ்டெப்பிலும் 13ஆம் ஸ்டெப்பிலும் வரும், இரண்டாவதில் 9இல், மூன்றாவதில் 5இல். கண்ணை மூடிக்கொண்டு போட வேண்டும், ஏனென்றால் ஓடுகிற விளக்கு ஒரு கணக்கு சொல்லும், காது இன்னொரு கணக்கு சொல்லும். ஆனால் பழகிவிட்டால் ஒரு லாபம், எதேச்சையாக ஒரு ஸ்டெப் தவறினால்கூட அது பிசகு மாதிரி இல்லாமல் எதிர்த்தாளம் மாதிரி விழுகிறது. எங்கள் குழு டோலக் அண்ணன் அதைக் கேட்டுவிட்டு "யார்ரா வாசிச்சது?" என்றார். மெஷின் என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது, அது வேறு கதை.

40 நொடி போதுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 1987இல் வந்த எஸ்பி-1200 சாம்ப்ளரில் மொத்தமே சுமார் 10 நொடிதான், அதை வைத்துக்கொண்டு நியூயார்க்கில் ஒரு தலைமுறையே ஹிப்ஹாப் செய்தது. நிமிடத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய இசைத்தட்டை 45 சுற்று வேகத்தில் ஓட்டி எடுத்து, உள்ளே சுருதியை இறக்கிக்கொள்வார்கள், நேரமும் மிச்சம், ஒரு கரகரப்பும் இலவசம். அதையே நானும் செய்கிறேன். போனில் எடுத்ததை இருமடங்கு வேகமாக்கி, ஒயர் வழியாக மெஷினுக்குள் அனுப்பி, குமிழால் கீழே கொண்டுவருகிறேன். ஒன்று கவனிக்கணும், போன் பிளேயரில் வெறுமனே 2x போட்டால் வேகம் மட்டும் ஏறும், சுருதி அப்படியே நிற்கும், அது உதவாது. எடிட்டர் செயலியில் இரண்டும் சேர்ந்து ஏறும்படி மாற்ற வேண்டும்.

சரி, இப்போது திட்டு.

வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக நான்கு பொத்தான். ரெக்கார்டு, அதற்கு நேர் கீழே எஃபெக்ட். எஃபெக்டைப் பிடித்துக்கொண்டு ஒரு எண்ணை அழுத்தினால் பாட்டு திக்கும், சுழலும், கரகரக்கும், மேடையில் கைதட்டல் வாங்கித்தருவது அதுதான். ரெக்கார்டைப் பிடித்துக்கொண்டு அதே எண்ணை அழுத்தினால் அந்த ஸ்லாட்டில் இருந்தது போயே போய்விடும். அழிக்கட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்காது. திரும்பக் கொண்டுவரும் வழியும் கிடையாது. இரண்டு பொத்தானும் ஒரே சைஸ், ஒரே வழவழப்பு, நடுவே என் சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. கை மேலே ஒரு பொத்தான் தவறினால் அலங்காரம் செய்யப் போனவன் கொலை செய்துவிட்டு வருவான். இதை வடிவமைத்தவர் ஆடி மாதம் கோயில் மேடையில், பாதி சீரியல் செட் அணைந்துபோன வெளிச்சத்தில், வியர்வை வழியும் விரலோடு ஒரு தடவை வாசித்துப் பார்த்திருக்க வேண்டும்.

நான் வாசித்தேன். மூன்றாம் ஸ்லாட்டில் காசிமேட்டு மீன் ஏலக்குரல் ஒன்று வைத்திருந்தேன், ஆறு நொடி. விடியற்காலை நாலரைக்கு எடுத்தது. "எரநூறு எரநூறு எரநூத்தம்பது" என்று மூச்சே விடாமல் போய், கடைசியில் ஒரு இழுப்பு இழுப்பார், அந்த இழுப்புக்காக எத்தனையோ பாட்டை அதைச் சுற்றியே கட்டியிருந்தேன். ஒரு கூழ் ஊற்றும் திருவிழாவில் ஒரு பாட்டின் நடுவே எஃபெக்ட் என்று நினைத்து அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லையே என்று கையை எடுத்து, மறுபடி மூன்றாம் பொத்தானைத் தட்டினால் "அன்னதானம் உபயம்" என்கிறது. பக்கத்து மைக்கில் விழாக் குழுக்காரர் அறிவிப்பு செய்துகொண்டிருந்திருக்கிறார். ஏலக்காரர் போய்விட்டார், உபயதாரர் வந்துவிட்டார். ஜனங்கள் சிரித்தார்கள், கைகூடத் தட்டினார்கள். எனக்கு மேடையிலேயே கண் இருட்டிக்கொண்டு வந்தது.

அதன் பிறகு மூன்று தடவை காசிமேட்டுக்குப் போனேன். அதே ஆள் இருக்கிறார். கையில் போனைப் பார்த்ததும் டிவிக்காரர் மாதிரி தெளிவாக ஏலம் விட ஆரம்பித்துவிட்டார், இழுப்பு வரவே இல்லை.

நியாயமாகப் பேசினால் தப்பு பாதி என்னுடையது. பேக்அப் எடுக்கும் வசதி இருக்கிறது. உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் கீச்சு கீச்சென்று சத்தமாகவே வெளியே அனுப்பும், பழைய டயல்-அப் மோடம் கத்துமே அதே மாதிரி, எண்பதுகளில் வீட்டுக் கணினிகள் புரோகிராமை கேசட்டில் சேமித்ததும் இந்த முறையில்தான். அந்தச் சத்தத்தைப் பதிந்து வைத்துத் திருப்பி ஊட்டினால் எல்லாம் திரும்ப வந்துவிடும். நான் ஒரு தடவை எடுத்தேன், போனில், எம்பி3யாக. ஊட்டியபோது மெஷின் துப்பிவிட்டது. கணினியில் அமுக்காத வடிவில் எடுத்தால் ஏற்றுக்கொள்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. ஆனால் யாரய்யா ஒவ்வொரு கச்சேரிக்கு முன்னும் உட்கார்ந்து கீச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருப்பது?

இன்னொரு பாதுகாப்பும் உண்டு. போர்டின் ஓரத்தில் துளியூண்டு நாக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், அதை உடைத்துவிட்டால் ரெக்கார்டு வேலை செய்யாது, உள்ளே இருப்பது பத்திரம். ஆடியோ கேசட்டின் முதுகில் உடைத்துவிடுவோமே, அதே யோசனை. அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து, ஆத்திரத்தில் குறடை எடுத்து டக்கென்று உடைத்தேன். உடைத்த பிறகுதான் உறைத்தது, ஏலக்குரல் போன பின் பூட்டுப் போட்டிருக்கிறேன். உள்ளே நிரந்தரமாகப் பத்திரமாகிவிட்டது அன்னதான அறிவிப்பு.

மூன்று மாதம் அப்படியே ஓட்டினேன். புதுச் சத்தம் எதுவும் எடுக்க முடியாது, இருப்பதை வைத்துத்தான் பிழைப்பு. வேறு வழியில்லாமல் அந்த "உபயம்" என்ற சொல்லின் கடைசி "ம்"மை மட்டும் வெட்டி சுருதியைக் கீழே இறக்கினேன், நாதஸ்வரத்துக்கு ஒத்து பிடிப்பது போல ஒரு ரீங்காரம் வந்தது. நான் செய்ததில் நாலு பேர் கேட்டு வாங்கிக்கொண்ட ஒரே தாளம் அதுதான். இதை இங்கே சொல்லவே எரிச்சலாக இருக்கிறது.

கடைசியில் கேரம் கிளப்பில் புது போர்டு வந்தது, அந்தச் சத்தம் வேண்டுமே. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு டிவி மெக்கானிக்கிடம் எடுத்துப் போனேன். புரட்டிப் பார்த்தார், நாக்கு இருந்த இடத்தில் இரண்டு புள்ளியையும் ஒரு சொட்டு ஈயத்தால் சேர்த்தார், முடிந்தது. "கேசட் ஓட்டைக்குப் பேப்பர் அடைச்சி மறுபடி பதிவோம்ல, அதான் இது" என்றார். கையோடு பேட்டரி ஸ்பிரிங்கில் படிந்திருந்த பச்சையையும் சுரண்டிவிட்டார். கடல் இங்கிருந்து நடக்கிற தூரம், மூடியில்லாத மெஷினை உப்புக்காற்று சும்மா விடுமா, உறை வாங்க அதற்குத் தனிக் காசு. மொத்தம் அறுபது ரூபாய். ரெக்கார்டு பொத்தானைச் சுற்றி ஒரு சின்ன வாஷரை ஒட்டிவிட்டால் விரல் தடுக்கும் என்று யோசனையும் சொன்னார். ஒட்டியிருக்கிறேன். நல்ல வேலை, இந்த யோசனை தொழிற்சாலையிலேயே யாருக்காவது வந்திருக்கலாம்.

ஆக, தம்பி, வாங்காதே. பத்தாயிரத்தை ஒட்டி வருகிறது, அந்தக் காசுக்கு நல்ல டோலக்கும் வாங்கி மிச்சத்தில் ஒரு மாதம் பஸ் பாஸும் எடுக்கலாம். உன் கை வேகத்துக்கு இந்தப் பொத்தான்கள் தாங்காது, நீ நாளுக்கு நான்கு சாம்பிள் கொன்றுவிடுவாய். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டோலக்கை எடுத்துக்கொண்டு கிளப்புக்கு வா. புது போர்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஐந்து நொடி வாசி, மூன்றாம் ஸ்லாட்டில் எடுத்துக்கொள்கிறேன். அங்கே இன்னும் அன்னதானம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.