எங்கள் பிரதேச சபையின் சேவை: ஐந்துக்கு மூன்று

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ரோட்டோரமாகத் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறேன். பொழுதுபட்டால் கடைக்கு முன்னால் நிற்கும் கம்பத்தில் லைட் எரிந்தே ஆக வேண்டும், யானை வரும் ரோடு இது. ஆகவே பிரதேச சபைக்கு நான் போடும் புள்ளி பெரும்பாலும் அந்த லைட்டுக்குத்தான்.

2018இல் தெரிவான சபையின் காலம் 2023 மார்ச்சோடு முடிந்தது. காசில்லை என்று தேர்தலைத் தள்ளித் தள்ளி, 2025 மே 6ஆம் திகதிதான் வைத்தார்கள். அதுவரை செயலாளரின் ஆட்சி. குறை சொல்லக் கூடாது, குப்பை ட்ரக்டர் வந்தது, கந்தோரில் காசு கட்டினால் தண்ணி பவுசரும் வந்தது. லைட் மட்டும் நின்றால் நின்றதுதான். கடிதத்தை வாங்கி வைப்பார்கள். திரும்பப் போனால், "பல்ப் ஸ்டொக் இல்ல அக்கா." ரோட்டில் மறித்துக் கேட்க ஓர் உறுப்பினரும் இல்லை.

இப்போது எங்களுக்கு இரண்டு பேர். ஒருவர் வட்டாரத்தில் வென்றவர். மற்றவர் அதே வட்டாரத்தில் தோற்று, கட்சிப் பட்டியலால் உள்ளே போனவர். வீடோ, படகோ, திசைகாட்டியோ, எந்தக் கட்சிச் சின்னமானாலும் நாங்கள் போடுவது ஒரே புள்ளடி. அதிலேயே 60 வீதம் வட்டாரத்துக்கு, 40 வீதம் பட்டியலுக்கு என்று ஆசனம் பிரிகிறது. "தோத்தவன் எப்படி மெம்பர்?" என்று என் கடை வாங்கில் நடந்த சண்டையில் இரண்டு கிளாஸ் உடைந்தது மிச்சம்.

சரி, லைட்டுக்கு வருவோம். போன மாரியில் அது அணைந்ததும் வென்றவரிடம் சொன்னேன். "ஓமக்கா, கூட்டத்தில கதைக்கிறன்" என்றார். கூட்டம் மாதத்துக்கு ஒன்று. பட்டியல்காரர் பிளேன்டீ குடிக்க வந்த இடத்தில், சேற்றுக்குள் இறங்கிப் போய்க் கம்பத்து நம்பரைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். அந்தக் கிழமையே ஏணியோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். லைட் எரிந்த கையோடு இரண்டு பேரின் முகநூலிலும் என் கடைப் படம், இரண்டிலும் "எமது முயற்சியால்". முயற்சி யாருடையதாகவும் இருக்கட்டும், காசு நான் வருசா வருசம் கட்டும் வியாபார லைசனிலும்தான் இருக்கிறது. இப்படிப் போட்டி போட இரண்டு கட்சி ஒரு வட்டாரத்தில் கிடப்பது எனக்கு நல்லதாகவே படுகிறது.

மலக்குழி பவுசருக்குப் புள்ளி இல்லை. பதிந்துவிட்டுக் காத்திருப்பதற்குள் மழை வந்து குழி நிரம்பிவிடும். 25 வீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தும், எங்கள் சபையில் பெண் உறுப்பினர்கள் வாய் திறக்க முதல் ஆண்கள் கூட்டத்தை முடித்துவிடுகிறார்கள். பார்வையாளராகப் போய்க் கண்ணால் கண்டது.

லைட்டுக்கு முறையிடப் போகிறவர்கள் கம்பத்து நம்பரைக் கட்டாயம் எழுதிக்கொண்டு போங்கள். நம்பர் இல்லாவிட்டால் புத்தகத்தைத் திறக்கவே மாட்டார்கள்.