மேல்கை பிபி மெஷின்: திரையை விடுங்கள், பட்டையைப் பாருங்கள்

வீட்டில் வைத்துக்கொள்ளும் தானியங்கி பிபி மெஷின்களில் வருடா வருடம் திரை பெரிதாகிறது, ப்ளூடூத் சேர்கிறது, குரல் வேறு வந்து ரீடிங்கை வாசிக்கிறது. பெட்டியில் கூடவே வரும், மேல்கையில் சுற்றிக் கட்டும் பட்டை (கஃப்) மட்டும் அப்படியே இருக்கிறது. ஆனால் எண் சரியா தப்பா என்பது பெரும்பாலும் அந்தப் பட்டையின் கையில்தான் இருக்கிறது.

மெஷின் எதையும் காதால் கேட்பதில்லை. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்பது 1905இல் கொரோட்கோவ் விவரித்த சத்தங்களை. மெஷினோ, ரத்தக்குழாயின் துடிப்பு பட்டைக்குள் இருக்கும் காற்றில் உண்டாக்கும் சின்னச் சின்ன அதிர்வுகளை அளக்கிறது. அதிர்வு உச்சத்தில் இருக்கும் இடத்தைச் சராசரி அழுத்தமாக வைத்து, மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கணக்குப் போட்டு எடுக்கிறது. அந்தக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி வேறு. வேறொரு கம்பெனியின் பட்டையை மாட்டக் கூடாது என்பதும், நடுவில் பேசினாலோ கையை அசைத்தாலோ எண் தாறுமாறாவதும் இதனால்தான். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் போன்ற ஒழுங்கற்ற துடிப்பு உள்ளவர்கள் ஒற்றை ரீடிங்கை நம்பவே கூடாது. மூன்று எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும்.

வாங்குமுன் ஒரு டேப் எடுத்து, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். சாதாரணப் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. வரைக்கும்தான். உள்ளே இருக்கும் காற்றுப்பை, கையின் சுற்றளவில் சுமார் 80 சதவீதத்தையாவது சுற்றி வர வேண்டும். பட்டை சிறிதாக இருந்தால் பிபி கூடுதலாகக் காட்டும், பெரிதாக இருந்தால் குறைத்துக் காட்டும். எவ்வளவு கூடும்? 2023இல் வெளியான ஒரு ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டியபோது மேல் எண் கிட்டத்தட்ட 20 புள்ளி (மி.மீ. பாதரசம்) ஏறியது. இல்லாத பிபிக்கு மாத்திரை தொடங்க அதுவே போதும்.

பெட்டியில் ‘மருத்துவர்கள் பரிந்துரைப்பது’ என்று இருந்தால் பொருட்படுத்த வேண்டாம். பிபி மெஷின்களைச் சோதிக்கும் சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 81060-2 முறைப்படி அந்த மாடலே சோதிக்கப்பட்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. குறைந்தது 85 பேரிடம் சோதித்து, சராசரி வித்தியாசம் 5 புள்ளிக்குள் இருந்தால்தான் தேறும். மணிக்கட்டு மெஷின் சுமப்பதற்கு வசதி, ஆனால் மணிக்கட்டு இதயத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தாலே எண் 7, 8 புள்ளி ஏறிவிடும். மேல்கையில் பட்டையே கட்ட முடியாதவர்களுக்கு மட்டும் அது சரி.

இனி கட்டும் விதம். சட்டைக் கையைச் சுருட்டி மேலே தள்ளாதீர்கள், அது கயிறு போலக் கையை இறுக்கும், கழற்றிவிடுவது நல்லது. பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே இருக்க வேண்டும், குழாய் உள்ளங்கைப் பக்கம் இறங்க வேண்டும். கட்டியபின் இரண்டு விரல் நுனி உள்ளே போக வேண்டும், முஷ்டி போகக் கூடாது. கை மேசை மேல், பட்டை நெஞ்சு உயரத்தில். முதுகு சாய்ந்து, பாதம் தரையில், கால்மேல் கால் கூடாது. அதற்கு முன் அரை மணி நேரம் காபி, டீ, சிகரெட், உடற்பயிற்சி எதுவும் வேண்டாம். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காராதீர்கள், அதுவும் எண்ணை ஏற்றும். ஐந்து நிமிடம் சும்மா இருந்த பிறகு பட்டனை அழுத்துங்கள். காற்று ஏறும்போது 170, 180 என்று திரையில் ஓடுவது பட்டையின் அழுத்தம், உங்கள் பிபி அல்ல. அதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் நிறையப் பேர்.

முதல் நாள் இரண்டு கையிலும் பாருங்கள். 10 புள்ளிக்கு மேல் வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், இனி அதிகம் காட்டும் கையிலேயே எடுங்கள். பிறகு ஏழு நாள், காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு, இரவில் இரண்டு, நடுவே ஒரு நிமிட இடைவெளி. முதல் நாளை விட்டுவிட்டால் 24 ரீடிங் மிஞ்சும். அவற்றின் சராசரி 135/85ஐத் தொட்டால் கவனிக்க வேண்டிய பிபி. மருத்துவமனையில் எடுத்தால் இதே எல்லை 140/90. அமெரிக்க வழிகாட்டுதல் 2017லிருந்து 130/80 என்கிறது. ஒரு காலை 152 வந்து மற்றதெல்லாம் 126, 128 என்றால் அந்த 152 ஒன்றுமில்லை. மாறாக, டாக்டரிடம் எப்போதும் 128, வீட்டுச் சராசரி 138 என்றால் அது மறைந்திருக்கும் பிபி. இந்த மெஷின் தன் விலைக்கு ஈடுகொடுப்பது அங்கேதான், ஏனென்றால் உடம்பு எந்த அறிகுறியும் காட்டாது. 180/120க்கு மேல் வந்தால் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் தளர்ச்சி இருந்தால் மறு ரீடிங்குக்குக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

மெமரியில் ஒரு தொல்லை உண்டு. இரண்டு பேருக்கான பட்டன் இருந்தும், கணவன் மனைவி இருவரும் ஒரே பக்கத்தில் சேமித்து வைப்பார்கள். அந்தச் சராசரி யாருடையதும் அல்ல. நோட்டில் எழுதுவதே மேல். ஆப் இல்லாத மாடலை வாங்கினாலும் நஷ்டம் இல்லை.

கூட வாங்கச் சொல்லப்படும் மற்றவை பற்றிச் சுருக்கமாக. ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டரின் தரநிலையே, சர்க்கரை 100க்குக் கீழே இருக்கும்போது 15 புள்ளி (மி.கி./டெ.லி.) வரை விலக அனுமதிக்கிறது. ஏற்கெனவே சுகர் உள்ளவர் கண்காணிக்க நல்லது, சுகர் இருக்கிறதா என்று முடிவு செய்ய லேப்தான். பழம் தொட்ட விரலோடு குத்தினால் 200கூடக் காட்டும். உடல் கொழுப்பு காட்டும் எடை மெஷின், நீங்கள் குடித்த தண்ணீருக்கேற்ப மனம் மாறும். அதைவிட ஒரு தையல் டேப் உருப்படியானது: மூச்சை இயல்பாக விட்டபின், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் அளந்தால், இடுப்பு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும்.

பிபி மெஷினில் முதலில் கெடுவது குழாயும் வெல்க்ரோவும்தான். குழாயை மெஷினைச் சுற்றி இறுக்கி வைத்தால், இணையும் கழுத்தில் விரிசல் விட்டுக் காற்று கசியும். எரர் வரும், பாட்டரி மேல் பழி விழும். தனிப் பட்டை அதே கம்பெனியில் உங்கள் கை அளவுக்குக் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.