ஏழரையில் விழிக்கும் மேக் மினி

வீட்டில் இன்னும் ஒரு மேக் மினி ஜி4, ஆப்பிளின் பழைய குட்டிக் கணினி, ஓடுகிறது என்றால் அலுவலகத்தில் சிரிக்கிறார்கள். 2005 கடைசியில் சிங்கப்பூரின் பழைய ஃபூனான் கடைத்தொகுதியில் வாங்கியது. அந்தக் கட்டடமே 2016இல் மூடப்பட்டு, 2019இல் புதிதாக எழும்பிவிட்டது. பெட்டி மட்டும் அப்படியே இருக்கிறது. 1.42 கிகாஹெர்ட்ஸ் பவர்பிசி சிப், 1 ஜிபி ரேம் (அதற்கு மேல் ஏற்கவும் ஏற்காது), மேக் ஓஎஸ் டைகர் 10.4.11.

ஏன் வைத்திருக்கிறேன்? அப்பா விட்டுப்போன ஒலிநாடாக்கள். கோயில் சொற்பொழிவு, கல்யாண வீட்டுச் சத்தம், ஊரிலிருந்து பெரியப்பா பேசி அனுப்பிய நாடாக் கடிதங்கள். அவற்றைக் கணினிக்குள் ஏற்ற என்னிடம் உள்ள, ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பில் ஓடும் ஒலிப் பெட்டிக்கு இந்தத் தலைமுறை மேக்குக்குப் பிறகு டிரைவர் நிரலே வரவில்லை. நாடாவைக் கேட்டுக்கொண்டே குறிப்பெடுக்கவும் வசதி. டைகரிலேயே இணைமதி எழுத்துருவும் அஞ்சல் விசைமுறையும் உண்டு, இரண்டும் பக்கத்து மலேசியாவின் முத்து நெடுமாறன் கைவண்ணம்.

ஒலிப்பதிவில் இத்தனை வருடங்களில் ஒரு குறையும் இல்லை. படுத்தியதெல்லாம் நெட்வொர்க்தான். பெரும்பாலும் ஒரே முகம்: "இணையம் இல்லை." பின்னால் இருந்த நோய் மட்டும் வேறு வேறு.

முதல் நோயைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. ஒருநாள் காலை எந்தப் பாதுகாப்பான தளமும் திறக்கவில்லை. மின்னஞ்சலும், சர்வரின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ் சரியில்லை என்றது. ரூட்டரை அணைத்துப் போட்டேன், கேபிளை மாற்றினேன், இணைய நிறுவனத்தை அழைத்து நாற்பது நிமிடம் இசை கேட்டேன். டெர்மினலில் பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போட்டால் பதில் ஒழுங்காக வருகிறது! கடைசியில் அம்மாதான் திரையின் மூலையைக் காட்டி, "என்னடா, மணி ஏழரைங்குது, இப்பதானே மத்தியானச் சாப்பாடு முடிஞ்சுது?" என்றார். டேட் என்று தட்டினேன். 1970 ஜனவரி 1, காலை 7:34.

யூனிக்ஸ் வழி வந்த கணினிகள் காலத்தை 1970 ஜனவரி 1 நள்ளிரவு, உலகப் பொது நேரத்திலிருந்து விநாடிகளாக எண்ணுகின்றன. மணியை நினைவில் வைக்கும் சிறு பேட்டரி செத்தால் எண்ணிக்கை சுழியத்துக்குப் போய்விடும். சிங்கப்பூர் பொது நேரத்துக்கு 8 மணி முந்தியது, அப்படியானால் 8 மணியல்லவா காட்ட வேண்டும்? இல்லை. 1981 முடியும்வரை நம் நேரம் ஏழரை மணிதான் முந்தியிருந்தது. எட்டானது 1982 ஜனவரி 1 முதல். அந்த வரலாறு கணினியின் நேர மண்டலக் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. ஆக, இந்த ஊர் யூனிக்ஸ் பெட்டிக்கு நினைவு தப்பினால் அது ஏழரையில்தான் கண் விழிக்கும். அம்மாவிடம் விளக்கினேன். "பெட்டிக்கு ஏழரை பிடிச்சிருக்குன்னு ஒரே வார்த்தையில சொல்லேன்" என்றார்.

1970இல் நிற்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் பிறக்காதவை. அதனால்தான் கதவடைப்பு. மணியைத் தானாகத் திருத்தும் என்டிபிடி நிரலும், வித்தியாசம் 1000 விநாடியைத் தாண்டினால் பொதுவாகக் கையை விரித்துவிடும். ஒருமுறை நாமே என்டிபிடேட் கட்டளை கொடுக்க வேண்டும்.

குற்றவாளி நான்தான். மின்கட்டணம் மிச்சம் என்று தினமும் இரவு சுவர் சுவிட்சை அணைத்துவந்தேன். மின்சாரம் இல்லாத நேரமெல்லாம் அந்தச் சின்ன பேட்டரிதான் மணியைச் சுமந்திருக்கிறது. மாற்ற வேண்டியது சாதாரண சிஆர்2032, தேக்காவில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடையிலேயே கிடைத்தது. மேக் மினியைத் திறப்பதுதான் கூத்து: திருகாணியே கிடையாது, சுவருக்குப் பட்டி பூசும் மெல்லிய தகட்டை விளிம்பில் செருகி நெம்ப வேண்டும். முதல்முறை கிளிப் உடையும் சத்தம் கேட்டு மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்தார்.

இரண்டாவது, வைஃபை. புது ரூட்டர் வந்த அன்றே மினி வெளியே நின்றது. அதன் ஏர்போர்ட் அட்டை 802.11ஜி ரகம், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும், பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ2 வரைதான் பேசும். ரூட்டரோ இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்து, டபிள்யூபிஏ3 கலந்து வைத்திருந்தது. விருந்தினர் நெட்வொர்க் ஒன்றைத் தனிப் பெயரில், 2.4இல், டபிள்யூபிஏ2 மட்டும் என்று வைத்தவுடன் சேர்ந்துகொண்டது. ஆனாலும் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ரூட்டர் ஒரு பக்கம், மினி மறு பக்கம், நடுவில் பாம் ஷெல்டரின் (குண்டுவீச்சுப் புகலிட அறை) கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும். சிக்னல் நாளுக்கொரு விதம். அலுத்துப்போய்க் கேபிள் இழுத்தேன்.

கேபிளில்தான் இருப்பதிலேயே நுட்பமான நோய் வந்தது. தளங்கள் திறக்கின்றன, பிங் சுத்தமாக இருக்கிறது. ஆனால் 60 நிமிட நாடா ஒன்றின் பதிவு, ஏறத்தாழ 600 எம்பி, புது மடிக்கணினிக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல். 100 மெகாபிட் கம்பியில் ஒரு நிமிடச் சொச்சத்தில் முடிய வேண்டிய வேலை. நெட்வொர்க் கணக்கைக் காட்டும் நெட்ஸ்டாட் ஐ கட்டளையில் பார்த்தால் உள்வரும் பிழைகள் ஏறிக்கொண்டே இருக்கின்றன. அமைப்பைக் காட்டும் ஐஃப்கான்ஃபிக் கொடுத்தேன்: ஃபுல் டூப்ளக்ஸ், அதாவது இருபக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம். தானாகத் தேர்ந்தெடுக்கும் "ஆட்டோசெலக்ட்" என்ற சொல்லைக் காணோம். எப்போதோ ஒரு பழைய நெட்வொர்க் ஸ்விட்சுக்காக (கேபிள்களை இணைக்கும் பெட்டி) நானே கையால் பூட்டிவைத்து மறந்திருக்கிறேன். புது ஸ்விட்ச் எந்த முறையில் பேசுவது என்று பேரம் பேசப் பார்க்கும். மறுமுனை வாயே திறக்காவிட்டால், விதிப்படி ஹாஃப் டூப்ளக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம்) என்று எடுத்துக்கொள்ளும். ஒருபக்கம் எந்நேரமும் பேசுகிறது, மறுபக்கம் வரிசைக்கு நிற்கிறது. பெரிய கோப்பு என்றால் மோதல்தான். சிறிய பிங் பொட்டலங்கள் இடுக்கில் தப்பிவிடுவதால் நமக்குச் சந்தேகமே வராது. அமைப்பைத் தானியங்கிக்குத் திருப்பினேன், கோப்பு பறந்தது. இடையில் கேபிளைச் சந்தேகித்து மாற்றிய காசு தண்டம்.

தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் கதை சின்னது. பழைய இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் முகவரி கைப்பட எழுதிக் கிடந்தது, அழித்தேன்.

மிச்சமிருப்பது மருந்தில்லாத நோய். டைகரின் சஃபாரி, தளங்களோடு ரகசியமாகப் பேசும் டிஎல்எஸ் முறையில் 1.0ஐத் தாண்டாது, இன்றைய தளங்கள் பெரும்பாலும் 1.2க்குக் கீழ் பேசுவதில்லை. டென்ஃபோர்ஃபாக்ஸ் என்ற உலாவி பல ஆண்டு கைகொடுத்தது, அதன் அதிகாரபூர்வ வெளியீடுகளும் 2021இல் நின்றுவிட்டன. அதே ஆண்டு செப்டம்பர் கடைசி வாரத்தில் இரண்டு அடி: பல தளங்கள் நம்பியிருந்த டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 சான்றிதழ் 30ஆம் தேதி காலாவதி, அதற்கு நான்கு நாள் முன்பு வந்த, ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 8.8இல் பழைய எஸ்எஸ்ஹெச்-ஆர்எஸ்ஏ கையொப்பம் இயல்பிலேயே முடக்கம். மடிக்கணினியிலிருந்து மினிக்குள் நுழைய, அந்தக் கையொப்பத்தை இந்த ஒரு முகவரிக்கு மட்டும் ஏற்கும்படி எஸ்எஸ்ஹெச் அமைப்புக் கோப்பில் எழுதியிருக்கிறேன். வங்கி, சிங்பாஸ் (அரசின் மின்னடையாளம்) பக்கமெல்லாம் இதில் போவதே இல்லை, போகவும் கூடாது.

இப்போது மினிக்கு வெளி இணையம் மணி பார்க்க மட்டும். மற்றபடி வீட்டுக்குள் எஸ்சிபி கட்டளை வழியே கோப்பு அனுப்பும் வேலை. பதினொரு நாடாக்கள் பாக்கி. சுவர் சுவிட்சின் மேல் அம்மா ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்: "அணைக்காதே, ஏழரை."