காரில் கேட்ட ரீங்காரம்: டயரா, வீல் பேரிங்கா?

2024 மார்ச் மாதத்தில், திருநெல்வேலியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நான்கு வழிச்சாலையில் கயத்தாறைத் தாண்டியபோதுதான் அந்தச் சத்தத்தை முதன்முதலாகக் கவனித்தேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மெல்லத் தொடங்கி, 80-ஐ நெருங்கும்போது தொலைவில் மாவு மில் ஓடுவதைப் போன்ற சீரான ரீங்காரமாக அது வளர்ந்தது. என் கார் முன்சக்கர இயக்கம் கொண்ட சிறிய பெட்ரோல் வண்டி. அப்போது 56 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. அதன்பின் ஏறத்தாழ 30 ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். இதற்கிடையே அந்தச் சத்தத்துக்காக மூன்று முறை பழுதுபார்க்க நேர்ந்தது. அவற்றில் ஒன்று வீண்செலவு என்பதால், நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எஞ்சினைச் சந்தேகிப்பதா, சக்கரத்தைச் சந்தேகிப்பதா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஆள் நடமாட்டமில்லாத நேரான சாலையில் 70 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்தாவது கியரிலிருந்து நான்காவதுக்கு மாற்றினேன். எஞ்சினின் சுழற்சி கூடியது. ரீங்காரமோ சற்றும் மாறவில்லை. கிளட்ச்சை மிதித்து எஞ்சினை ஐடிலிங்குக்கு விட்டபோதும் அப்படியே இருந்தது. வண்டியின் வேகத்தை மட்டுமே பின்பற்றும் சத்தம் என்றால் அது டயரிலிருந்தோ, சக்கரம் இலகுவாகச் சுழல உதவும் வீல் பேரிங்கிலிருந்தோ வருவதாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

சாலையின் மேற்பரப்பு மாறும்போது சத்தமும் மாறியதால் டயரை முதலில் பார்த்தேன். பின்சக்கர டயர்களின் மேல் உள்ளங்கையை ஒரு திசையில் தடவினால் வழவழப்பாகவும், எதிர்த்திசையில் தடவினால் ரம்பப் பல்லைப் போலக் கூர்மையாகவும் உணர முடிந்தது. முன்சக்கர இயக்கம் கொண்ட வண்டிகளில், டயர்களை இடம் மாற்றாமல் நெடுங்காலம் ஓட்டினால் பின்டயர்கள் இப்படித் தேய்வது வழக்கம். 20 ஆயிரம் கிலோமீட்டராக நான் அவற்றை மாற்றிப் போடவேயில்லை. முன்னும் பின்னும் மாற்றிப் போட்டவுடன் சத்தமும் முன்பக்கத்துக்கு வந்தது. எனவே அந்த இரண்டு டயர்களையும் புதிதாக வாங்கி, வீல் அலைன்மென்ட்டும் பாலன்சிங்கும் செய்தேன். இரைச்சலில் பெரும்பகுதி அடங்கியது.

பெரும்பகுதி என்றுதான் சொல்ல முடியும். ஆகஸ்டில் வேறொரு ஒலி தனியாகக் கேட்கத் தொடங்கியது. இது தார்ச்சாலையிலும் கான்கிரீட் சாலையிலும் ஒரே மாதிரி ஒலித்தது. இடப்பக்கம் வளையும்போது ஓங்கியது, வலப்பக்கம் வளையும்போது ஏறக்குறைய மறைந்தது. இடப்பக்கம் திரும்பினால் வண்டியின் பாரம் வலப்பக்கச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. பாரம் ஏறும்போது கத்துகிற பேரிங்தான் கெட்ட பேரிங். ஆனால் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தபோது ஆட்டம் சிறிதும் இல்லை. அங்கேதான் நான் குழம்பினேன்.

அந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கும் வயதான மெக்கானிக். "ஆட்டம் வர்றது கடைசிலதான் சார். ஸ்பிரிங்கைத் தொட்டுக்கிட்டுச் சக்கரத்தைச் சுத்திப் பாருங்க" என்றார். ஒரு கையால் சக்கரத்துக்கு மேலே உள்ள காயில் ஸ்பிரிங்கைப் (சுருள்வில்) பிடித்துக்கொண்டு மறுகையால் முன் வலச்சக்கரத்தைச் சுழற்றினேன். மணலை அரைப்பது போன்ற நறநறப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வந்தது. காதுக்கு எட்டாததைக் கை கண்டுபிடித்துவிடுகிறது. செலவே இல்லாத இந்தச் சோதனையைக் கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் செய்து பார்க்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

செப்டம்பரில், அவசரம் கருதி நான் வெளியூரில் ஒரு பட்டறையில் பேரிங்கை மாற்றியதுதான் தவறாகப் போயிற்று. பேரிங்கை அழுத்திப் பொருத்தும் பிரஸ் இயந்திரம் அங்கே இல்லை. சுத்தியலால் அடித்தே ஏற்றினார்கள். மூவாயிரம் கிலோமீட்டருக்குள் அதே பக்கத்தில் அதே ரீங்காரம் திரும்பி வந்தது. பேரிங்கின் உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் இடையே குண்டுகள் உருள்கின்றன. பேரிங்கைத் தாங்கும் பாகமான நக்கிளுக்குள் ஏற்றும்போது வெளிவளையத்தை மட்டுமே அழுத்த வேண்டும். சக்கரம் பூட்டப்படும் ஹப்பை அதற்குள் நுழைக்கும்போது உள்வளையத்துக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். இது தவறினால் முழு விசையும் குண்டுகளின் வழியே பாய்ந்து, அவை ஓடும் பாதையில் நுண்ணிய பள்ளங்களை உண்டாக்கும். புதிய பேரிங் வண்டியில் ஏறும் முன்பே கெட்டுவிடுகிறது.

2025 ஜனவரியில் இரண்டாம் முறை மாற்றியபோது, நக்கிளைக் கழற்றி ஹைட்ராலிக் பிரஸ் உள்ள லேத் பட்டறைக்கு நானே எடுத்துச் சென்று, வேலை முடியும்வரை அருகிலேயே நின்றேன். பேரிங்கின் ஒரு முகத்தில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பின் சென்சாருக்கான காந்தப்பட்டை இருக்கும்; அது சென்சாரின் பக்கம் பார்த்து அமைய வேண்டும் என்பதையும் சரிபார்த்துக்கொண்டோம். ஹப் நட்டைப் புதிதாகப் போட்டு, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கினோம். பேரிங்கின் விலையைவிடக் கூலி கூடுதலாக ஆயிற்று. அதில் எனக்கு வருத்தமில்லை.

முதல் பேரிங் ஏன் கெட்டது என்பதற்கு என்னிடம் ஒரு விடை உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானபோது, எங்கள் தெருவிலும் ஹப் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அதில் வண்டியை ஓட்டி வெளியேற்றினேன். கழற்றிய பேரிங்கைப் பிரித்தபோது சீலுக்குள் கிரீஸ் கலங்கி, குண்டுகளில் துருப்புள்ளிகள் தெரிந்தன.

இப்போது 86 ஆயிரம் கிலோமீட்டரில் வலச்சக்கரம் அமைதியாக ஓடுகிறது. ஆயினும் அதே வெள்ளத்தில் நின்றதுதான் இடச்சக்கரமும். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றும்போதெல்லாம் அதன் ஸ்பிரிங்கையும் தொட்டுப் பார்க்கிறேன். சென்ற மாதம் மிக இலேசான நறநறப்பு கைக்குத் தட்டுப்பட்டது. அதற்கான பேரிங்கை வாங்கி வைத்துவிட்டேன், லேத் பட்டறையிலும் நாள் கேட்டிருக்கிறேன்.